கூட வந்தவர்கள்

இடிக்கப்பட்ட ஆஸ்பத்திரியிலிருந்து அந்த நாற்காலிகள் மேஸ்திரி வேதநாயகத்தின் பட்டறைக்கு வந்து இறங்கிய நாளில் அவை இலேசாகத்தான் இருந்தன. ஓர் ஆள் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்து வர முடிந்தது. மந்திரி வருகிறார் என்றால் ஒரு முறையும் திருவிழா வருகிறது என்றால் ஒரு முறையுமாக எத்தனையோ வருஷங்கள் பூசிய பச்சைப் பெயிண்ட் மரத்தையும் பிரம்பையும் ஒரே ஓடாக மூடியிருந்ததால், தங்களுக்குள் என்ன இருக்கிறது என்பது நாற்காலிகளுக்கே மறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரி கட்டிய காலத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒருத்தி வரைந்த நாற்காலிகள் அவை. அவள் புதுச்சேரியின் பஸ் நிலையத்திலும் கோயில் வாசலிலும் மாதாகோயில் படியிலும் போய் நின்று, நம் ஜனங்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தாளாம். ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் காத்திருப்பார்கள் என்று கண்டு அதற்கு இடம் விட்டு இருக்கையை அகலமாக்கினாள். தூக்குச்சட்டியும் பிளாஸ்கும் எப்போதும் கூடவே வரும் என்று கண்டு கைப்பிடியைப் பலகை போலத் தட்டையாக்கினாள். தூங்கிவிடவும் கூடாது, ஒடிந்து விழவும் கூடாது என்று முதுகைச் சாய்த்தும் சாய்க்காமலும் நிறுத்தினாள். படிக்க ஒரு நாற்காலி, சாப்பிட ஒரு நாற்காலி என்று உலகத்தில் எத்தனையோ உண்டு. அவள் செய்தது காத்திருப்பதற்கு ஒரு நாற்காலி. பிறகு அவள் ஊருக்குப் போய்ச் செத்தும் போய், செத்த பிறகு பெரிய பேர் வாங்கினாள். பாரீசில் அந்த நாற்காலிக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, சொல்தா வீட்டு ஃபெலிக்ஸ் ஏலத்தில் மொத்தமாக எடுத்துவிட்டார். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்குச் சொல்தா வீடு என்று பேர்.

"பழைய பிரம்பைக் காப்பாத்து மேஸ்திரி. அந்தக் காலத்துப் பின்னல் இருந்தாதான் மதிப்பு. தொய்ஞ்சிருந்தா மட்டும் வெட்டிட்டுப் புதுசு போடு" என்று சொல்லிவிட்டு ஃபெலிக்ஸ் போனார்.

பட்டறையில் மூட்டுகளை இறுக்குவது வேதநாயகம், பெயிண்டை உரித்துப் பாலிஷ் போடுவது அஞ்சலாட்சி, பிரம்பு பின்னுவது தையல்நாயகி. அஞ்சலாட்சி தையல்நாயகிக்கு நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணியோடு ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றில் இருந்து வந்தவள். நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாமல் இருப்பதைப் பார்த்துத் தெருவில் எல்லோரும், "ரெண்டுல ஒண்ணுக்குக் காது கேக்காது போல" என்பார்கள்.

நாற்காலிகள் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை என்று காதில் விழுந்தபோது, பிரம்பை ஊறவைத்திருந்த தொட்டிக்குள் விட்ட கையை எடுக்காமல் தையல்நாயகி நெடுநேரம் அப்படியே இருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அவளைப் பிரசவத்துக்கு, ஜன்னி கண்டு நினைவு தப்பிய நிலையில், ஒரு வேனில் போட்டுக் கொண்டுபோனார்கள். அவளுக்கு நினைவு திரும்பியபோது பிள்ளை இல்லை, புருஷன் கலியமூர்த்தியும் இல்லை. போனவன் போனவன்தான், மாஹேயில் பார்த்தேன் என்றான் ஒருவன், துபாயில் பார்த்தேன் என்றான் இன்னொருவன். நர்ஸ் சொன்னது ஒன்று: "ஒன் வீட்டுக்காரரை எத்தினி வாட்டி கூப்புட்டோம் தெரியுமா, ஒரு ஆள் வரல." அஞ்சலாட்சி சொன்னது இன்னொன்று: "அண்ணன்தான் கூட இருந்துச்சி அண்ணி, நான் வீட்டுல இருந்தன். விடியவிடிய நாற்காலிய விட்டு எழுந்திருக்கலயாம். புள்ள போயிடுச்சின்னு கேட்டப்பறம்தான், மனசு ஒடிஞ்சி போயிடுச்சாம்." இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் தையல்நாயகி இத்தனை காலமும் குடியிருந்தாள். ஒரு நாள் அந்தச் சுவரில் சாய்வாள், ஒரு நாள் இந்தச் சுவரில் சாய்வாள். அவர் தனக்காகக் காத்திருந்தாரா, இல்லையா என்ற அந்த ஒன்றைத் தவிர அவள் வாழ்க்கையிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

முதல் நாற்காலியின் பெயிண்டை அஞ்சலாட்சி கரைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி நிழலில் வைத்தாள். உள்ளே இருந்த தேக்கு, குளித்துவிட்டு வந்த முகம் போல இருந்தது. மறுநாள் வேதநாயகம் அதைத் தூக்கப் போய், தூக்க முடியாமல், "ஈரம் குடிச்சிருக்குது" என்றார். தையல்நாயகி குனிந்து பார்த்தாள். பிரம்பு இருக்கை நடுவில் குழிந்திருந்தது. தொய்ந்த பிரம்பு என்று நினைத்து, அவள் தொழிலில் யாரும் நினைக்கக்கூடியபடி நினைத்து, கத்தரியை எடுத்து நாலு ஓரமும் வெட்டினாள். கடைசி இழை அறுந்ததும் ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு தரையில் விழுந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்காலி மட்டும் பழையபடி இலேசாகிவிட்டது. சாயங்காலம் பெருக்கும்போது அந்த இடத்தில் விளக்குமாறு நின்றுவிட்டது, சுற்றிப் பெருக்க வேண்டியிருந்தது. சுற்றிப் பெருக்கிய கோட்டைப் பார்த்த பெண்கள், முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும் ஒரு வயசான அம்மாள் என்று கண்டுகொண்டார்கள். தையல்நாயகி வீட்டுக்குப் போய் ஒரு கோரைப்பாயும் தலையணையும் எடுத்து வந்து, பாயைப் பக்கத்தில் விரித்து, "மன்னிச்சிக்கம்மா, ஆள் இருக்கிறது தெரியல" என்று சொல்லிவிட்டு வந்தாள். காலையில் பாய் அமுங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் எந்த நாற்காலியிலும் கத்தரி வைக்கவில்லை. பெயிண்ட் உரிய உரிய ஒவ்வொரு நாற்காலியும் கனத்தது, ஒவ்வொன்றிலும் பிரம்பு குழிந்தது. கட்டக் கடைசியாக, சுவரோரம் கிடந்த ஒன்றையும் அஞ்சலாட்சி உரித்தாள். மற்றவற்றைவிட மெதுவாக, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உரித்தாள். எதிர்க் கடையிலிருந்து டீ கொண்டு வந்த கோதண்டபாணி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "ஒக்காந்திருக்காங்க போல" என்று சொல்லி, திரும்பிப் போய் இன்னும் ஒரு தட்டு நிறைய டீ எடுத்து வந்து கைப்பிடிக்கு ஒன்றாக வைத்தான். டீ குறையவில்லை, ஆனால் சீக்கிரம் ஆறிப்போயிற்று. "ஊதி ஊதிக் குடிக்கிறவங்க" என்றான் அவன்.

தெரு அவர்களைப் பழகிக்கொண்டது. கால் நீட்டியிருக்கிறார்களோ என்று யாரும் நாற்காலிக்கு முன்னால் குறுக்கே போவதில்லை, போகவேண்டி வந்தால் "கொஞ்சம் காலை மடக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாற்காலி எந்நேரமும் மெல்ல ஆடிக்கொண்டே இருந்ததால் அதில் இருந்தவருக்கு முட்டி ஆட்டுறவர் என்று பேர் வந்தது. இன்னொன்றின் கைப்பிடியில் எதை வைத்தாலும் கீழே விழுந்தது, ஏற்கெனவே அங்கே ஏதோ இருக்கிறது என்பதால் அவர் தூக்குச்சட்டிக்காரம்மா ஆனார். குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த ஒருத்தி, இடுப்புப் பிள்ளையை வைக்க இடமில்லாமல் ஒரு நாற்காலியில் வைத்தாள். பிள்ளை இருக்கையில் படவில்லை. ஒரு சாண் உயரத்தில், ஒரு மடியில், தலை ஒரு பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டது. அன்றிலிருந்து தெருவில் தூங்காத பிள்ளைகள் எல்லாம் பட்டறைக்கு வந்தன. மத்தியான வெயிலில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால், தேக்கு நாற்காலிகள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் பிள்ளைகள் அந்தரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதும், அவற்றுக்கு நடுவே வேதநாயகம் சத்தம் வராமல் இழைப்புளி தள்ளுவதும் தெரியும்.

பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, காத்திருப்பது பாவம் இல்லை என்று சொல்லிப் போனார். அங்காளம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்துவிட்டு, "பேய்க்குக் கனம் கிடையாது, கனம் இருக்கிறது மனுஷனுக்குத்தான்" என்று திருநீறு கூடப் போடாமல் போனார். முனிசிபாலிட்டியிலிருந்து வந்தவர் இவர்கள் குடியிருப்பவர்களா வாடிக்கைக்காரர்களா என்று கேட்டார். "காத்துக்கிட்டு இருக்கிறவங்க சார்" என்றார் வேதநாயகம். "எதுக்கு?" "அது அவங்களைத்தான் கேக்கணும்." அந்த ஆபீசர், தானும் எத்தனையோ பேரைக் காக்கவைத்தவர் என்பதாலோ என்னவோ, மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த பத்மாவதி, வேலை போன பிறகு மீன் கூடை சுமந்தாள். அவள் ஒரு நாள் சந்து வழியாகப் போனபோது, பட்டறை வாசலைப் பார்த்து வரிசையாக நின்ற நாற்காலிகளைக் கண்டாள். கூடையை இறக்கினாள். வாசலில் போய் நின்றதும் பழைய பழக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களை அவரவர் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, உள்ளே படுத்திருப்பவரின் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காத்திருக்கும் இடத்தில் மனுஷருக்குச் சொந்தப் பேர் கிடையாது. நாக்கின் நுனியில் எத்தனையோ காலமாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பேரை, கதவைத் தள்ளிக்கொண்டு வருபவளின் குரலில், பத்மாவதி கூப்பிட்டாள்: "ராஜாம்பாள் கூட வந்தவங்க யாரு?"

ஒரு நாற்காலி முனகிற்று. குழிந்திருந்த பிரம்பு நிமிர்ந்தது. தரையில் கிடந்த இழைப்புச் சுருள்கள் இரண்டாக விலகி வாசலுக்கு ஒரு வழி விட்டன, சந்துப் புழுதியையும் கடந்து அந்த வழி நீண்டது, எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கோதண்டபாணி யாரோ மேலே வந்து மோதியது போலத் தடுமாறிக் குவளையைப் போட்டான். ராஜாம்பாள் அவனுடைய அம்மா. அம்மாவை உள்ளே கொண்டுபோனபோது பதினெட்டு வயசுப் பையனாக அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், பீடி குடிக்க வெளியே போய்த் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்து பின்வாசல் வழியாகக் கொண்டுபோயிருந்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பீடி குடிக்கப் போன உடம்பு போயிற்று, காத்து உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே நாற்காலியில் இருந்துவிட்டது. இப்போது அவன் சந்தைக் கடந்து வந்து, செருப்பு மண்ணில் ஆழமாகப் பதிய நடந்து வந்து, பத்மாவதி முன்னால் நின்றான்.

"ஆயா, என்னாச்சி?"

அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவளுக்குத் தெரியும். "அம்மா போயிட்டாங்கப்பா. கஷ்டப்படல. நல்லபடியாத்தான் போனாங்க" என்றாள். கோதண்டபாணி பட்டறை வாசலில் உட்கார்ந்து, நரைத்த தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதினெட்டு வயசுப் பையனின் அழுகையை அழுது முடித்தான். அன்று தெருவில் யாருக்கும் டீ இல்லை.

இப்படித்தான் வழக்கம் உண்டாயிற்று. சேதி தெரிந்து நெல்லித்தோப்பிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று உள்ளே படுத்திருந்தவரின் பேரைச் சொல்லி, கூட வந்தவங்க யாரு என்று கூப்பிடவேண்டும், எழுந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்று சேதி சொல்லவேண்டும். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, சொல்லிவிட வேண்டும். கூட வந்தவர் உயிரோடு இருந்தால் இழைப்புச் சுருள் அவர் இருக்கும் திக்கில் விலகும். ஒரு முறை தெற்கே விலகிப் போய், காரைக்காலில் ஒரு கிழவர் சாப்பாட்டுத் தட்டின் முன் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்ததாகப் பிறகு சேதி வந்தது. இறந்துபோயிருந்தால் அது கிழக்கே, கடலைப் பார்த்து விலகும், அலை வரை புழுதியில் ஒரு கோடு தெரியும். முட்டி ஆட்டுறவருக்கு அவர் பேத்தி வந்து, "ஆபரேஷன் நல்லா முடிஞ்சிது தாத்தா, பாட்டி அப்பறம் ரொம்ப வருஷம் இருந்தாங்க, உங்களைவிட அதிகமா இருந்தாங்க" என்று சிரித்தபடி சொன்னாள். நாற்காலியின் ஆட்டம் நின்றது. எழுந்தவர் போன பிறகு பிரம்பு, தட்டினால் தம்பூரா போல ரீங்கரிக்கும் அளவுக்கு இறுகியது. தையல்நாயகி வெட்டவோ பின்னவோ வேலையே இல்லை.

பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் மனத்தாங்கல். "உங்க துக்கம் தீந்துச்சி, சரி. எங்க புள்ளைங்க எங்கம்மா தூங்கும்?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள்.

பாயில் படுத்திருந்த அம்மாளுக்கும் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். விழுந்தவளுக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை போலும். பாய் அமுங்கினபடியே இருந்தது.

ஒவ்வொரு பேரும் கூப்பிடப்பட்டபோது தையல்நாயகி பிரம்புத் தொட்டியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பேரை அவள் சொல்லவில்லை. சொன்னால் எந்த நாற்காலியும் அசையாமல் போகலாம், அப்படிப் போனால் நர்ஸ் சொன்னது நிஜம். ஏதாவது ஒன்று அசையலாம், அசைந்தால் நாத்தனார் சொன்னது நிஜம். சுருள்கள் மேற்கே விலகுகின்றனவா கிழக்கே விலகுகின்றனவா என்பதைப் பார்த்து அவர் இருக்கிறாரா இல்லையா என்பதும் தெரிந்துபோகும், தெரிந்த கையோடு அவர் எழுந்து போயும் விடுவார். அவளுக்கு இரண்டும் பயமாக இருந்தது. நாற்காலிகள் ஒன்றொன்றாக இலேசாகி, கோணி சுற்றப்பட்டு வாசலுக்குப் போயின. சுவரோரத்தில் இருந்தது மட்டும் மிஞ்சியது.

ஃபெலிக்ஸ் வந்தார். நாலு ஆட்களை விட்டு அதைத் தூக்கச் சொன்னார். அது அசையவில்லை.

"மேஸ்திரி, கப்பல் எனக்காவ நிக்காது. ஆளோட நாற்காலிய ஏத்தினா கஸ்டம்ஸ்காரன் என்னான்னு எழுதுவான்?"

"பிரயாணின்னு எழுதச் சொல்லுங்க மெசியே."

"கிண்டலா? பிரம்பு தொய்ஞ்சிருக்குது. வெட்டிட்டுப் புதுசு போடு. சாயந்தரம் வண்டி வருது." சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, பாய் கிடந்த பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாராவது வந்து கூப்புட்டா நல்லதுதான். வரலன்னா நான் என்னா பண்ணட்டும்?"

ஃபெலிக்ஸ் போனதும் தையல்நாயகி கையைத் துடைத்துக்கொண்டாள். அஞ்சலாட்சி பாலிஷ் துணியைக் கையில் சுருட்டியபடி மூலையில் நின்றிருந்தாள்.

"கூப்புடாதீங்க அண்ணி."

"ஏன்?"

"இருந்துட்டுப் போவட்டுமே. நாம வாங்கிக்கலாம். வீட்டுல போட்டுக்கலாம்."

"அவருதான் விடியவிடிய ஒக்காந்திருந்தாருன்னு நீதானே சொன்ன?"

"சொன்னன்."

"அப்பறம் என்னா பயம் ஒனக்கு?"

அஞ்சலாட்சி துணியை முறுக்கினாள். அதிலிருந்து அரக்குப் பாலிஷ் சொட்டிற்று.

விஷயம் தெரிந்து தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. கோதண்டபாணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தான், பத்மாவதி மீன் கூடையோடு வந்து நின்றாள். தையல்நாயகி வாசற்படியில் போய் நின்று, உள்பக்கம் திரும்பி, அன்று நர்ஸ் கூப்பிட்டதாகச் சொன்னாளே, அதே சொல்லால், குரல் உடையாமல் கூப்பிட்டாள்: "தையல்நாயகி வீட்டுக்காரர் யாரு?"

நாற்காலி அசையவில்லை.

இன்னொரு முறை கூப்பிட்டாள். ஓட்டுக்கூரையில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. இழைப்புச் சுருள் ஒன்று கூட விலகவில்லை. வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். "அது வேற யாரோம்மா, அவரு எழுந்து போயிருப்பாரு" என்று ஒருத்தி ஆறுதல் சொல்லப் போய், சொல்லிய பிறகுதான் அது என்ன ஆறுதல் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் காத்திருக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்தது இவ்வளவுதான். தையல்நாயகி அழவில்லை. திரும்பி நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள், பொய் சொல்லி நம்பவைத்தாயே என்ற பார்வை. பிறகு ஆணியில் தொங்கிய கத்தரியை எடுத்துக்கொண்டு நாற்காலியின் முன்னால் உட்கார்ந்தாள். வேதநாயகம், "வேணாம்மா, ஃபெலிக்ஸ்கிட்ட நான் பேசிக்கிறன்" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. அஞ்சலாட்சி மூலையிலிருந்து, ரொம்ப மெதுவாக, "வெட்டுங்க அண்ணி" என்றாள். "அதுல யாரும் இல்ல. வெட்டுங்க."

கத்தரியை ஓரத்தில் கொடுக்கும்போதுதான் தையல்நாயகி அந்தக் குழிவைச் சரியாகப் பார்த்தாள். ஆயுசு முழுக்க மனுஷர் உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்த பிரம்பைப் பார்த்த கண். ஆம்பிளை உட்கார்ந்த குழிவு பின்னால் ஆழமாக விழும். இது முன் விளிம்பில் விழுந்திருந்தது. கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடவேண்டும் என்று நுனியில் உட்கார்ந்த குழிவு. சின்ன உடம்பு. ஒரு காலை மடக்கி மேலே வைத்திருக்கிறது, கணுக்கால் பட்ட இடத்தில் இரண்டு இழை மட்டும் அழுந்தியிருக்கிறது, கொலுசு போட்ட கணுக்கால். கையில் ஒன்றுமில்லை, தூக்குச்சட்டி கூட இல்லை, அவசரமாகக் கிளம்பி வந்தவள். யாரோ ஒரு பெண்பிள்ளை. பயத்தோடு உட்கார்ந்து, இத்தனை காலமும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

தையல்நாயகியின் கோபம் அந்தக் குழிவுக்குள் விழுந்து காணாமல் போயிற்று. யாருக்காக உட்கார்ந்திருந்தால் என்ன, இவளைத் தரையில் போடுவதற்குத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்துக் கத்தரியைக் கீழே வைத்தாள். அந்த ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் பேரெல்லாம் சொல்லி ஆயிற்று. தன் பேரை அவள் புருஷனோடு சேர்த்துத்தான் சொன்னாள், தனியாகச் சொல்லவில்லை. எதையும் எதிர்பார்த்து அல்ல, சொல்லாமல் விட்ட பேர் ஒன்று பாக்கி இருக்கக்கூடாதே என்றுதான், எழுந்து வாசற்படிக்குக்கூடப் போகாமல், நாற்காலியின் முன்னால் மண்டியிட்டபடியே, எதிரே இருப்பவளிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"தையல்நாயகி கூட வந்தவங்க யாரு?"

நாற்காலி முனகிற்று. முன் விளிம்பில் அழுந்தியிருந்த பிரம்பு இழை இழையாக நிமிர்ந்தது. சுருள்கள் விலகின. வாசலில் நின்றவர்கள் வழி விட ஒதுங்கினார்கள், கிழக்கே போகுமா மேற்கே போகுமா என்று தெருவைத் திரும்பிப் பார்த்தார்கள். அது வாசலுக்கு வரவில்லை. தையல்நாயகியின் தோளை உரசிக்கொண்டு, பட்டறைக்குள்ளேயே, மரத்தூளில் சின்னப் பாதங்கள் ஓடிய தடம் விழ, பாலிஷ் மூலையைப் பார்த்து ஓடியது. அஞ்சலாட்சி இரண்டு கையையும் நீட்டி அதைத் தடுக்கப் பார்த்தாள். தடுக்க முடியவில்லை. சுவரில் முதுகு மோதி, சரிந்து, தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் காற்றுப் போல நடமாடிய அந்த உடம்புக்குக் கீழே மண் தரை அமுங்கியது.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பத்மாவதி மட்டும் கிட்டே வந்து, அஞ்சலாட்சியின் முகத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"தாவணி போட்டுக்கினு ஒரு பொண்ணு இருந்துது. இப்பதான் ஞாபகம் வருது. புருஷன் கையெழுத்துப் போடணும்னு, வீட்டுக்காரர் யாருன்னுதான் நாங்க கூப்புட்டுக்கினே இருந்தோம். ஒவ்வொரு வாட்டியும் இந்தப் பொண்ணு எழுந்து எழுந்து வந்துது. ஒன்னக் கூப்புடலம்மா, போய் ஒக்காருன்னு நான்தான் சொன்னன். அப்பறம் டூட்டி மாறிடுச்சி. அதைக் கூப்புடவே இல்ல."

"அவரு?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போனவருதான்" என்றாள் அஞ்சலாட்சி. அவள் குரல் மாறியிருந்தது, இளசாகவும் கனமாகவும் இருந்தது. "நீங்க கேட்டப்போ எனக்கு அப்பிடிச் சொல்லத்தான் தோணிச்சி. ஒங்களுக்கு ஒரு ஆள் காத்திருந்துச்சின்னு இருக்கட்டுமேன்னு."

"இருந்துச்சே" என்றாள் தையல்நாயகி.

நாற்காலியை ஃபெலிக்ஸின் ஆள் ஒருவன் வந்து ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனான், போவதை யாரும் பார்க்கவில்லை. அஞ்சலாட்சி சுவரில் சாய்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தது, நரைத்த தலையும் பாலிஷ் காய்ந்த விரல்களுமாக இருந்த அஞ்சலாட்சி அல்ல, கதவு திறக்கிற சத்தத்துக்காக வாயைத் திறந்துவைத்துக்கொண்டிருந்த பெண்.

"என்னாச்சி?" என்று கேட்டாள். "அண்ணிக்கு என்னாச்சி?"

சேதி சொல்லவேண்டும். நல்லதோ கெட்டதோ, சொல்லிவிட வேண்டும், அதுதான் வழக்கம். பத்மாவதி வாயைத் திறந்தாள், பிறகு இது தன் வேலையல்ல என்று பின்வாங்கிக்கொண்டாள். தையல்நாயகி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாத்தனார் என்று பார்க்காமல், கூட வந்தவருக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையோடு பேசினாள்.

"ஆம்பளப் புள்ள" என்றாள். "தங்கலங்க."

அஞ்சலாட்சி முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"பெரிய உசுருக்கு ஒண்ணும் இல்ல. பொழச்சிக்கிட்டா. நல்லா இருக்கா." தையல்நாயகி, கதவைத் திறந்து விடுபவள் போல ஓரடி ஒதுங்கினாள். "உள்ள வந்து பாருங்க."

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். பார்க்க விடுவார்களோ மாட்டார்களோ என்று தயங்குபவள் போல ஓரடி வைத்து, பிறகு ஓரடி வைத்து, மரத்தூளில் தடம் ஆழமாகப் பதிய, கிட்டே வந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.